நாயகி வராத தொடர்கள்

முதல் இரண்டு எபிசோடு முழுக்க நான் கதாநாயகிக்காகக் காத்திருந்தேன்.

சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் இறுகிக் கிடந்த நாட்கள் அவை. சாக்பீஸ் பிடிக்க முடியாது, புத்தகத்தைத் தூக்கிப் படிக்க முடியாது. மெடிக்கல் லீவு போட்டுவிட்டுப் பெரம்பலூர் வீட்டில் படுத்திருந்தேன். சென்னையில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது என் போனில் ஏதோ ஒரு செயலியை ஏற்றிவைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் திறந்ததும் தாய்லாந்துத் தொடர் ஒன்று ஓட ஆரம்பித்தது. கல்லூரி, மழை, ஒரே குடைக்குள் இரண்டு பையன்கள். நண்பர்கள் போலிருக்கிறது, இவர்களில் ஒருவனுக்கு ஜோடியாக ஒருத்தி வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்த பெண்கள் எல்லாம் கேன்டீனில் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது எபிசோடில் ஒருவன் மற்றவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாயகி வரப்போவதில்லை.

மகளுக்குப் போன் செய்தேன்.

"ஏன்டி, இதுல ரெண்டு பேருமே பசங்களா இருக்கானுவளே?"

"ஐயோ அம்மா, அதையா பாத்த? அதுக்குப் பேரு பி.எல். பாய்ஸ் லவ். புடிக்கலைன்னா வேற மாத்திக்க."

"புடிக்கலைன்னு யாரு சொன்னா? அடுத்த எபிசோடு எங்க இருக்குன்னு சொல்லு."

காய்ச்சல் போன பிறகும் பழக்கம் போகவில்லை. தாய்லாந்திலிருந்து கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் தைவானுக்கும் போனேன். பார்க்கப் பார்க்க எனக்கென்று சில கருத்துகள் உண்டாகிவிட்டன. தாய்லாந்துத் தொடர்களில் எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கிறார்கள், ஒருவனும் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒரு அரியர்கூட இல்லாமல் எப்படித்தான் பாஸ் ஆகிறார்களோ என்று ஆசிரியையான எனக்கு ஆத்திரமாக வரும். கையை முறுக்கி இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். நம் சினிமாவில் பெண்களைத் துரத்துவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். துரத்தப்படுகிறவன் ஆண் என்பதற்காக அது இனித்துவிடுமா? குடித்து நினைவில்லாமல் கிடக்கிறவனை முத்தமிடுவதும் அப்படித்தான். காதலைக் கெடுப்பதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருப்பார்கள், அவளுக்கு வேறு வேலைவெட்டியே இருக்காது. அதுவும் பிடிக்காது. 'எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்' என்று ஒருவன் சொல்வான். அடிக்கடி வருகிற வசனம் அது. முதலில் கேட்டபோது உருகிப்போனேன். பிறகு யோசித்தபோது அந்தப் பேச்சுக்குள் காதலைவிடப் பயம்தான் அதிகம் என்று பட்டது.

ஜப்பான் தொடர்கள் வேறு மாதிரி. ஆபீஸ் போகிற இருவர் இருப்பார்கள். ஒருவன் சமைப்பான், மற்றவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பான். அவ்வளவுதான் கதை, எனக்கு அது போதும். தைவான் தொடர்களில் அப்பாக்களை நன்றாக எழுதுகிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர் கொஞ்ச நாள் கழித்து ஒரு பை நிறையப் பழத்தோடு வாசலில் வந்து நிற்பார். கொரியத் தொடர்கள் குட்டிக் குட்டி, சோறு வடிப்பதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும்.

ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையும் சொல்ல வேண்டுமோ என்று ஒரு முறை யோசித்தேன். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்ததைப் பார்த்தேன் சாமி என்றா சொல்வது? பாவமாக எனக்குத் தோன்றவில்லை, சொல்லவும் இல்லை.

என் பள்ளிக்கூடம் அரியலூரில். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். எதிரே சிமென்ட் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வரும், ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். ஒரு நாள் காலை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அத நடுவுல கொஞ்சம் இழுப்பான். விட்டுறாதீங்க, கடைசி ரெண்டும் நல்லாருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் பள்ளியின் கணக்கு சார். ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டாஃப் ரூமில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர், திருமணம் செய்துகொள்ளாதவர். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவருக்கும் காது சிவந்திருந்தது. பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்றிலிருந்து பஸ்ஸில் எங்களுக்கு இதுதான் பேச்சு. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல்தான் தொடர்களுக்கும் தீர்ப்பு சொல்வார். "கதைக்கு முழு மார்க் போடலாம் டீச்சர். முடிவுல ஸ்டெப்பு தாண்டிட்டான்." பணக்கார முதலாளி வருகிற தொடர் என்றாலே அவருக்கு ஆகாது. "இவனுவளுக்கு மட்டும் வூட்டு ஓனரே கெடையாது பாத்தீங்களா? கல்யாணம் எப்ப சார்னு கேக்க ஒரு ஆளு கெடையாது" என்பார். பிரம்மச்சாரியின் அலுப்பு என்று நினைத்து நானும் சிரிப்பேன்.

அவர் துறைமங்கலத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். கூட ஒரு நண்பர். செட்டிகுளத்துக்காரர், சின்ன வெங்காயம் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம். பள்ளியில் அவரை 'சாரோட ரூம்மேட்' என்பார்கள். இந்த வயதில் என்ன ரூம்மேட் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு. சில நாள் காலையில் பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் அந்த நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையை நீட்டுவார். "வாத்தியாரே, நாளைக்கு ஒன்னையே மறந்து வெச்சுட்டுப் போயிருவ போல." பெரிய உருவம், ஊருக்கே கேட்கிற சத்தம்.

ஒரு நாள் நான் பார்த்து முடித்த தொடர் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். அதில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். ஒருவனுக்குக் கல்யாணம் நடக்கிறது, மற்றவன் அந்தப் பந்தலில் நின்று விருந்தாளிகளை வரவேற்கிறான்.

"இதுதான் நெசம் சார். அழுதுட்டேன். மத்ததெல்லாம் சும்மா கனவு" என்றேன்.

"அழுவறதுக்கு நல்லாத்தான் இருக்கும் டீச்சர்." குரல் மாறியிருந்தது. "ஆனா எங்களுக்கு..." என்று நிறுத்தினார். "பாக்கறவங்களுக்கு, ஒண்ணாவது சேந்து இருக்கற மாதிரி முடிஞ்சா என்ன கெட்டுப்போவுது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த 'எங்களுக்கு' என் காதில் தங்கிவிட்டது. நான் பொழுதுபோக்காகப் பார்த்துக் குறை நிறை சொல்லிக்கொண்டிருந்ததை அவர் அப்படிப் பார்க்கவில்லை. ஏதும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை, ஆனால் பேசாமலே இருந்துவிட்டால் அவர் பயந்துபோவார்.

"அப்ப சேந்து முடியற மாதிரி நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றேன்.

பஸ் அரியலூருக்குள் நுழையும்போது ஒரு தொடரின் பெயரைச் சொன்னார்.

அந்த வருட மழைக்காலத்தில்தான் விபத்து நடந்தது. நண்பர் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு வெங்காயக் காட்டைப் பார்த்துவிட்டு பைபாஸில் திரும்பி வரும்போது பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். செட்டிகுளத்திலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டார். சார் பள்ளி விட்டதும் நேராகப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். டிஸ்சார்ஜ் ஆனதும் அக்கா தம்பியைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். "பள்ளிக்கூடம் போறவரு, நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு சார் பஸ்ஸில் எந்தத் தொடரையும் பார்க்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

"அவரு போன் பண்றாரா சார்?"

"பண்றான். வூட்ல ஆளு இருக்கையில என்னத்தப் பேசறது? வெங்காய வெலையத்தான் பேசிக்கறோம்."

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"ஒரு தடவ போனேன். காப்பி குடுத்தாங்க. குடிச்சுட்டு வந்துட்டேன். சும்மா சும்மா போனா என்ன நெனப்பாங்க டீச்சர்?"

"ஞாயித்துக்கெழம நானும் வரேன். கூட வேல பாக்கற டீச்சர் நலம் விசாரிக்க வந்தா யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க."

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சார் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றிருந்தார். சட்டையை அத்தனை மடிப்போடு தேய்த்திருந்தார்.

அக்கா வீடு மலைக்கோயில் தெரிகிற தெருவில் இருந்தது. அக்கா அறுபது வயதைத் தாண்டியவர், உழைத்த உடம்பு. "வாங்க டீச்சரம்மா, வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். கூடத்தில் இரும்புக் கட்டிலில் நண்பர் படுத்திருந்தார். தாடி வளர்ந்து, உருவம் பாதியாகியிருந்தது. பக்கத்தில் தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"நீங்களே பாருங்க டீச்சரம்மா. கோழி கொத்தற மாதிரி சாப்புடறான். எந்நேரமும் ஃபேனயே பாத்துட்டுக் கெடக்கறான். நான் என்னத்தச் செய்யறது?" அக்காவின் குரல் உடைந்திருந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லாத முகம்.

சார் நாற்காலியில் உட்காரவில்லை. நிலைப்படி பக்கத்திலேயே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார் நண்பர்.

"இது வூடு இல்லாம காடாடா?"

"பெரம்பலூர் வூட்டுக்கு."

"அங்க யாரு இருக்கா ஒன்னப் பாத்துக்க?"

நண்பர் ஃபேனையே பார்த்தார்.

"நான் இருக்கேன்க்கா" என்றார் சார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அவருடையது. அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "நான் இருக்கேன். லீவு போட்டுக்கறேன். இத்தன வருசமா நாந்தான இருக்கேன்."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தொடர்களில் இந்த இடத்தில் இசை வந்து, கோபமா அழுகையா என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். இங்கே பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும்தான்.

அக்கா ஒரு கட்டைப்பையோடு வெளியே வந்தார். ரசப்பொடி டப்பா, பூண்டு ஊறுகாய், மடித்த லுங்கிகள், மாத்திரைக் கவர்.

"வலி மாத்திரய வெறும் வயித்துல குடுத்துறாதீங்க. கால தொங்கப் போட்டுட்டு உக்காருவான், நல்லாத் திட்டுங்க. ரசத்துல உப்புக் கொறஞ்சா மூஞ்சியத் திருப்பிக்குவான்."

"தெரியும்க்கா."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் தம்பி." அதுவரை 'சார்' என்று அழைத்துக்கொண்டிருந்தவர் அவர். "எங்கம்மா சாவற வரைக்கும் இவனுக்குப் பொண்ணு பாருன்னு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. அந்தப் பேச்ச வுட்டுரும்மான்னு நாந்தான் சொன்னேன். ஏன்னு அதுவும் கேக்கல, நானும் சொல்லல."

கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. சார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. இட்லித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஆறிப்போச்சு. பரவாயில்ல, ஒண்ணு சாப்புடு" என்றார்.

மறுநாளே தெரிந்த ஒருவரின் வேனில் அழைத்து வந்துவிட்டார்கள். சார் நீண்ட லீவு போட்டார். "ரூம்மேட்டுக்கா இவ்ளோ நாள் லீவு?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார். "கூட இருக்கறவங்களுக்குத்தான சார் லீவு போடணும்" என்றேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இப்போது நண்பர் கோல் இல்லாமல், லேசாக விந்தி விந்தி நடக்கிறார். நானும் சாரும் பஸ்ஸில் பழையபடி வாதாடுகிறோம். கண்ணில் நீர் வர வைப்பதற்காகவே பிரித்துவிடும் கதைகளை நான் இப்போது நெசம் என்று புகழ்வதில்லை. நெசத்தில் சேர்ந்து இருப்பவர்களும் இருக்கிறார்கள். திகட்டத் திகட்ட இனிப்பாக எடுத்தால் சார் மன்னித்துவிடுவார், நான் மாட்டேன். முத்தம் எப்போது வரும் என்று காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். இவர்களில் ஒருவன் கீழே விழுந்தால் மற்றவனை ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்களா, அதை இந்தத் தொடர் யோசித்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பெரும்பாலானவை யோசிப்பதில்லை. எல்லாரும் இருபது வயதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

போன மாதம் துறைமங்கலம் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் செட்டிகுளத்திலிருந்து வந்து, சமையலறையை முழுசாகத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் சார் ஒரு தைவான் தொடரைப் போட்டிருந்தார். அதில் இரண்டு பையன்கள் ரயில் நிலையத்தில் எதிரெதிரே நின்று, சொல்லவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நண்பருக்குப் பொறுமை போய்விட்டது.

"எந்நேரமும் இப்புடியே பேசாம நிக்கிறானுவ டீச்சர். வாயத் தொறந்து சொல்லித் தொலஞ்சா என்ன?"

"நீ சொன்னியா?" என்றார் சார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் சொல்றது இருக்கட்டும். மொதல்ல நீ சொன்னியா வாத்தியாரே?"

"போதும் போதும், ரெண்டு பேரும் சோத்துக்கு வாங்க. டீச்சரம்மா, நீங்களும் வாங்க" என்று அக்கா உள்ளிருந்து கத்தினார்.

கருவாட்டுக் குழம்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. சார் ரிமோட்டை எடுத்துத் தொடரை நிறுத்தினார். நாங்கள் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அக்கா கேட்டார். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.