ஐஸ்பெட்டி என்கிறவர்

பெங்களூரு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் திட்டு ஒரு பெயரால் வந்தது. ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒக்கலிபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பணி ஓய்வு பெறும் ஒரு தலைமை ஆசிரியருக்கு வாழ்த்து போர்டு அடிக்க ஒருவர் வந்தார். அவர் எழுதிக்கொடுத்த பெயர் ஹுச்சப்பா. எனக்கு அப்போது தெரிந்த நாலைந்து கன்னட வார்த்தைகளில் ஹுச்சும் ஒன்று. பைத்தியம் என்று பொருள். சிக்னலில் எல்லாரும் எல்லாரையும் அதைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். வாத்தியாருக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரித்துவிட்டேன்.

வந்தவர் அந்த வாத்தியாரின் தம்பி. "ஏன்பா, உங்க ஊர்ல பிச்சைன்னு பேரு வெக்கறதில்லியா? குப்பன்னு வெக்கறதில்லியா? மூணு கொழந்தை செத்து நாலாவது பொழச்சுது, எமன் கண்ணு படக்கூடாதுன்னு எங்கம்மா வெச்ச பேரு. சிரிக்காத, டைப் மாடு" என்றார். மாடு என்றால் கன்னடத்தில் செய். எங்கள் வீட்டிலேயே இரண்டு பிச்சைகள் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு டைப் அடித்தேன்.

இப்போது கடை என்னுடையது. பெற்றவர்கள் வைத்த பெயரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. தெரு வைக்கிற பெயர்தான் இன்னும் என்னை வேலை செய்யவிடாமல் சிரிக்க வைக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதருக்கு நெட்வொர்க் என்று பெயர். காது மந்தம், எதைச் சொன்னாலும் இரண்டு முறை முயற்சி பண்ணவேண்டும். லேசாகச் சாய்ந்து நிற்கிற ஒருவர் சைடு ஸ்டாண்ட். போனில் எவனோ கேட்டான் என்று ஓடிபி நம்பரைச் சொல்லிவிட்டு பேங்க்கில் இருந்ததை விட்டவர் இன்றைக்கும் ஓடிபிதான். அவர் பெண்சாதியை ஓடிபி அக்கா என்கிறார்கள். அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள், சொல்லுங்கள்!

போர்டில் நிஜப் பெயரைப் பெரிதாகப் போட்டு, கன்னடமாக இருந்தால் 'உருஃப்' என்றும் தமிழாக இருந்தால் (எ) என்றும் போட்டு, பக்கத்தில் பட்டப்பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு இது கட்டாயம். இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தவர் ஐஸ்பெட்டி அண்ணன்.

ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் தூக்குகிற வேலை அவருக்கு. ஆனால் எங்கே சாவு விழுந்தாலும் தூக்கிய பார்சலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார். பிணத்தை வைக்கிற ஐஸ்பெட்டி எந்த நேரத்தில் எந்தத் தெருவில் காலியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குளிப்பாட்ட ஆள், மாலை, வண்டி, ருத்ரபூமியில் குழி எல்லாம் அவர்தான் பேசி முடிப்பார். ஒரு பைசா வாங்கமாட்டார், டீ மட்டும் குடிப்பார். அவர் ரோட்டில் வந்தாலே டீக்கடையில் "யாருண்ணா?" என்று கேட்பார்கள். "யாருமில்லடா, காய் வாங்கப் போறேன், நீ அதுக்குள்ள அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவார்.

செத்தவர் போட்டோவை என் கடைக்குக் கொண்டுவருவதும் அவரே. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பேர மட்டும் போட்டா ஆதார் ஆபீஸ்காரன்தான் வருவான். பட்டப்பேர போடு, அப்பதான் தெரு வரும்" என்பார். சொன்னபடி தெரு வந்துமிருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகி, ஊரின் இன்னொரு மூலையில் ஈஜிபுராவில் வீடு எடுத்தாள். ஒரே பெண், தாய் இல்லாத பிள்ளை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இடுப்பு போய்விட்டது, பார்சல் தூக்க முடியாது, அதனால் அவரும் போனார். அப்புறம் நான் பார்க்கவில்லை. போன் பண்ணவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பண்ணவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்குகிறேன், அந்தப் பெண் நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது. விடியற்காலை ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார் என்றாள். நாலு மணிக்கு ஈஜிபுரா வீட்டிலிருந்து எடுக்கிறார்களாம், பழைய ஏரியாவில் மூன்று போர்டு கட்டவேண்டுமாம். ஒரு தாளில் பெயரை எழுதிக்கொடுத்தாள். சாமி பேரும் ராஜா பேரும் சேர்ந்த நீளமான, நல்ல பெயர். அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டப்பெயர் ஒட்டாமல் அதைக் காப்பாற்ற அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று தெரிந்ததால், இந்தக் கதையில் அதை எழுதவில்லை.

டைப் அடித்து, கை பழக்கத்தில் பக்கத்தில் (எ) என்று போட்டேன்.

"வேணாண்ணா. அத எடுங்க."

"என்னம்மா இது? அத போடலன்னா யாருக்குத் தெரியும்?"

"எங்க மாமியார் வீட்ல யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. சேலத்துலருந்து வந்துகினே இருக்காங்க. ஸ்கூல்ல என்னக் குச்சி ஐஸ், குச்சி ஐஸ்னு கூப்டாங்கண்ணா. பத்து வருஷம். டீச்சருங்ககூட சிரிச்சாங்க. செத்த பிறகாவது எங்கப்பா மனுஷன் பேர்ல போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெயரைத் தெரு பயத்தில் வைத்திருக்கலாம், கிண்டலில் வைத்திருக்கலாம், ஆனால் கூப்பிட்டதெல்லாம் மரியாதையாகத்தான். "உங்கப்பா கேட்டா என்னத் திட்டுவாரும்மா" என்றேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நெறைய பேர் வரணும்ணா. அவர் போகாத சாவு இல்ல. அவருக்கு ஆள் வரலன்னா என்னால தாங்க முடியாது. ஆனா அந்தப் பேரு வேணாம்" என்றாள். இரண்டும் வேண்டும் என்கிற பெண்ணிடம் அந்த நேரத்தில் எப்படி வாதாடுவது? எடுத்துவிட்டேன். போட்டோ இருக்கிறதே, முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

அந்தப் போட்டோவையும் விட்டு வைத்தேனா? அவள் கேட்டபடி தாடியை எடுத்தேன், முடியைக் கறுப்பாக்கினேன், முகத்தை வெளுப்பாக்கினேன். அழுக்குச் சட்டைக்கு மேல் நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டினேன். எல்லாருக்கும் செய்வதுதான். "அப்பா எவ்ளோ நல்லா இருக்காரு" என்றாள். எனக்கும் வேலை சுத்தமாக வந்திருப்பதாகத்தான் தோன்றியது. பத்தரைக்குள் மூன்று இடத்தில் போர்டு கட்டியாகிவிட்டது. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே படத்தைப் போட்டேன்.

இரண்டரை மணிக்கு ஈஜிபுரா போனேன். சின்னச் சந்து, ஷாமியானா, வாடகை நாற்காலி அறுபது இருக்கும். உட்கார்ந்திருந்தவர்கள் பதினாலு பேர். அதில் பதினொரு பேர் சேலத்துக்காரர்கள். உள்ளே ஐஸ்பெட்டியின் மோட்டார் சத்தம் வாசல்வரை கேட்டது. மகள் படியில் நின்று சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டோ திரும்பும்போதும் முகம் மாறியது, ஆட்டோ தாண்டிப் போனதும் பழையபடி ஆனது. பார்க்க முடியவில்லை.

மூன்று மணி சுமாருக்கு எங்கள் டீக்கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "என்னய்யா, ஒருத்தரும் வரக்காணோம்?"

"எங்க வரணும்?"

"சாவுக்குய்யா! போர்டு உன் கடை எதிர்லதான கட்டியிருக்கு?"

"அதுவா? எவனோ பெரிய ஆபீசர்னு நெனச்சோம், கோட்டு போட்டுகினு. யாருப்பா அது?"

காலையிலிருந்து அந்தத் தெருவே ஐஸ்பெட்டி அண்ணன் படத்துக்குக் கீழே நின்று டீ குடித்திருக்கிறது. அவளிடம் போனைக் காட்டினேன். குரூப்பில் அந்தப் படத்துக்குக் கீழே நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

"இத்தன பேரு கும்புடு போட்டிருக்காங்களேண்ணா?"

"யாருன்னே தெரியாம போட்டிருக்காங்கம்மா. செத்தவங்க படம் வந்தா போடறதுதான்." அப்புறம் சொல்லவேண்டியதையும் சொன்னேன். "தப்பு என்னோடதுதான். கோட்ட மாட்டினவன் நான்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். கையிலிருந்து போனை வாங்கினாள். மாமியார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். தனியாகப் போய்ப் பேசுவாள் என்று நான் வழிவிட்டேன், போகவில்லை. அங்கேயே நின்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் அழுத்தினாள்.

"நான் ஐஸ்பெட்டி பொண்ணு பேசறேன். எங்கப்பா ஐஸ்பெட்டி காலைல போயிட்டாரு. போர்டுல கோட்டு போட்டுகினு இருக்கறது அவருதான். நாலு மணிக்கு எடுக்கறதா இருந்துது. நீங்கல்லாம் வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

"ஐஸ்பெட்டியா? யாரும்மா அது?" என்று மாமியார் கேட்டார்.

"எங்கப்பாதான் அத்தை. ஊரே அப்படித்தான் கூப்டும்."

அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலுக்கு வெளியே போய் நின்றேன், அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

நாலு மணிக்கு முதல் ஆட்டோ. அப்புறம் இரண்டு டெம்போ. ரயில்வே பார்சல்காரர்கள் யூனிஃபார்மோடு வந்தார்கள். நெட்வொர்க்குக்கு எத்தனை முறை யார் சொன்னார்களோ, அவரும் வந்துவிட்டார். புருஷனை அவர் கையால் அனுப்பிய பெண்கள், பிள்ளையை அவர் கையால் அனுப்பியவர்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்கள். ஐந்தேகாலுக்குச் சந்தில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து மாடிகளில் எல்லாம் யார் இந்தப் பெரிய மனிதர் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பெட்டியை யார் திறப்பது, குளிப்பாட்டத் தண்ணீர் எங்கே எடுப்பது, கோடித்துணி முதலில் யார் போடுவது, ஒருவருக்கும் தெரியவில்லை. முந்நூறு பேர் நிற்கிறோம். எல்லாரும் எத்தனையோ சாவைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அடுத்து என்ன என்று சொல்ல ஒவ்வொரு சாவிலும் அவர் இருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாராவது சொல்லமாட்டார்களா என்று அப்படியே நின்றோம்.