இடது பக்கம் இறங்கி நிக்குது

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க. சிரிச்சு முடிச்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. கீழ ஷெட்ல ஒரு கார் நிக்குது. அதோட பக்கத்து சீட்ல ஒரே ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிங்க. அப்புறம் பேசலாம்.

இதுல ஒரு வார்த்தை கூட நான் கட்டிவிடல. எல்லாம் அளந்து பாத்தது. டேப் வச்சு, மூணு பேர் சேர்ந்து அளந்தது.

இப்ப ராத்திரி 1:50. அம்மா நர்ஸ், இன்னிக்கு நைட் டியூட்டி. அண்ணன் அவன் ரூம்ல முழிச்சுக்கிட்டு இருக்கான், கதவுக்கு அடியில லைட் தெரியுது. நான் போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு டைப் பண்றேன். என் ரூம் ஷெட்டுக்கு நேர் மேல இருக்கு. கீழ ஒரு ஸ்பேனர் விழுந்தாலும் எனக்குத்தான் முதல்ல கேக்கும்.

நாளைக்கு காலைல நான் அந்த சீட்ல உக்காரணும்னு பிளான். மலை ரோட்டை அரை நாள் மூடி, பழைய ஸ்போர்ட்ஸ் காருங்களை ஒவ்வொண்ணா மேல விட்டு டைம் பாப்பாங்க. அண்ணன் ஓட்டுவான். நான் பக்கத்துல உக்காந்து அடுத்த வளைவு என்னன்னு கத்திக்கிட்டே வரணும். ரெண்டு வருஷமா அவனுக்கு இதான் கனவு.

அந்த கார் ரெண்டு கதவு வண்டி. என்னைவிட வயசுல மூத்தது. அதை வச்சிருந்தவரு விக்கவே மாட்டேன்னு போன்லயே சொல்லிட்டாரு. அண்ணன் விடல, நேர்ல போய் கேக்கலாம்னு என்னையும் பைக்ல ஏத்திக்கிட்டு போனான். அவரு வாசல் கேட் கிட்டயே எங்களை நிறுத்தி, "இல்ல தம்பி, கிளம்புங்க"ன்னு கைய ஆட்டினாரு. அப்ப நான் ஹெல்மெட்டை கழட்டினேன்.

அவரு கை அப்படியே நின்னுச்சு.

"பாப்பா யாரு?"

"தங்கச்சிங்க."

"என்ன வயசும்மா உனக்கு?"

"பதினாறு அங்கிள்."

"வண்டில நீயும் போவியா?"

"பின்ன? பக்கத்து சீட்டு என்னோடது."

உள்ள போனாரு. சாவியோட வந்தாரு. அண்ணன் கைய நீட்டினான். அவரு சாவியை என் கையில வச்சாரு.

வர்ற வழியெல்லாம் அண்ணன் "ராசிக்காரிடி கொசு நீ"ன்னு ஒரே கொஞ்சல். நான் ஒல்லியா இருக்கேன்னு எனக்கு வச்ச பேரு கொசு. அன்னிக்கு ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துச்சு. அவரோட மனைவி ஜன்னல்ல நின்னு கார் போறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. டாட்டா காட்டினாங்க. நாங்க ரெண்டு பேருமே அப்ப பைக்லதான் இருந்தோம். காரை ஓட்டிட்டு வந்தது, அண்ணன் போன் பண்ணி அங்க வரவச்ச அவனோட ஃப்ரெண்டு. அவங்க டாட்டா காட்டினது காருக்கு. பக்கத்து சீட்டுப் பக்கமா.

அந்த ஃப்ரெண்டு மெக்கானிக். வேலை செய்யும்போது டார்ச்சை வாயில கவ்விக்குவாரு, அதனால பேரே டார்ச்.

கார் ஓடுச்சு. ஆனா சஸ்பென்ஷன் செத்துப்போயிருந்துச்சு. பள்ளத்துல இறங்கினா படகு மாதிரி ஆடுச்சு. மாத்தியே ஆகணும். எதை போடறதுங்கறதுல அண்ணனுக்கும் டார்ச் அண்ணனுக்கும் ரெண்டு வாரம் சண்டை.

அண்ணனுக்கு வேண்டியது உயரத்தை திருகி திருகி மாத்திக்கிற செட். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா ஏத்தலாம், இறக்கலாம். ரேஸ் காருக்கு போடறது.

"மலை ரோடு என்ன பில்லியர்ட்ஸ் டேபிளாடா?" டார்ச் அண்ணன் விடல. "அவ்வளவு விறைப்பா போட்டா வளைவுல சக்கரம் துள்ளும். பள்ளத்துக்குள்ள போயிடுவ. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர். போதும்."

"ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணு இல்லையா?"ன்னு நான் கேட்டேன்.

"உன் கட்டில்ல ஸ்பிரிங் மெத்தை இருக்குல்ல? ஏறி குதிச்சா என்ன ஆகும்?"

"ஆடிக்கிட்டே இருக்கும்."

"ஏன்னா அதுல ஷாக் கிடையாது. ஷாக் இருந்தா ஒரே ஒரு தடவை அமுங்கும், எந்திரிக்கும், நின்னுடும். புரியுதா?"

கடைசியில முடிவை என்கிட்ட விட்டாங்க. அந்த சீட்ல உக்காந்து வாந்தி எடுக்கப் போறது நான்தானே. நான் டார்ச் அண்ணன் பக்கம் சாஞ்சேன்.

பழசை கழட்டும்போது டார்ச் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. வலது பக்கத்து ஸ்பிரிங் சாதாரண கம்பி. இடது பக்கத்துது தடி கம்பி. பாத்தாலே தெரியுது. டிக்கிக்குள்ள இன்னும் மூணு ஸ்பிரிங் கிடந்துச்சு. எல்லாத்துலயும் பெயிண்ட்ல 'இடது'ன்னு எழுதியிருந்துச்சு. ஒண்ணைவிட ஒண்ணு தடிமன்.

"ஸ்பிரிங்கை ஜோடியாத்தான் மாத்தணும், செருப்பு மாதிரி. ஒத்தை செருப்பு வாங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்!"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

புதன்கிழமை புது செட் மாட்டினாங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஸ்பிரிங். கார் நேரா, கம்பீரமா நின்னுச்சு. அண்ணன் ஷெட்டை பூட்டிட்டு சாவியை ஆணியில மாட்டினான்.

அன்னிக்கு ராத்திரி 2:40.

கீழ ஒரு சத்தம்.

தொம்...

ஒரே ஒரு தடவை. அப்புறம் ஒண்ணும் இல்ல. பூனை குதிச்சிருக்கும்னு நினைச்சு தூங்கிட்டேன்.

காலைல கார் இடது பக்கம் சரிஞ்சு நின்னுச்சு.

அண்ணன் டார்ச் அண்ணனை பிடிச்சு ஏறு ஏறுன்னு ஏறினான். அவரு டேப் எடுத்து அளந்தாரு. இடது பக்கம் ரெண்டு விரல் கம்மி. "ஸ்பிரிங் மோசமா இருக்கும்டா, மாத்திப் போடறேன்." இடது ஸ்பிரிங்கை வலதுல போட்டாரு, வலதை இடதுல போட்டாரு. அப்படீன்னா இப்ப வலது பக்கம்தானே இறங்கணும்?

இடது பக்கமே இறங்குச்சு.

"தரை சரியில்ல." காரை தள்ளி, திருப்பி நிறுத்தினாங்க.

இடது பக்கமே.

டார்ச் அண்ணன் அதுக்கப்புறம் சிரிக்கல.

இன்னிக்கு சாயங்காலம் கடைசியா ஒண்ணு பண்ணிப் பாத்தோம். நாளைக்கு எப்படி உக்காந்து போவோமோ அப்படியே உக்காந்து அளக்கணும்னு சொன்னாரு. அண்ணன் முன் சக்கரத்துக்கிட்ட டேப்போட. டார்ச் அண்ணன் பின்னாடி குத்தவச்சு, வாயில டார்ச்சோட.

"ஏறு கொசு."

"கொசு ஏறினா ஸ்பிரிங்குக்கு தெரியவா போகுது"ன்னு நானே சொல்லிக்கிட்டு ஏறினேன். கதவை சாத்தினேன்.

"எவ்வளவு இறங்குச்சு?" டார்ச்சை கவ்விக்கிட்டே டார்ச் அண்ணன் குழறினாரு.

"இறங்கல."

"ஒழுங்கா பாருடா."

"பாத்துட்டேன்டா. ஒரு நூல் கூட இறங்கல. அவ ஏறாத மாதிரியே இருக்கு."

அப்புறம் பின்னாடி டார்ச் கீழ விழுற சத்தம்.

"டேய்... இங்க இறங்குதுடா..."

நான் முன்னாடி உக்காந்திருக்கேன். கார் பின்னாடி இறங்குது. மெதுவா. ஒரு ஆளு முன் சீட்டை விட்டுக் கொடுத்துட்டு பின் சீட்டுக்கு மாறி உக்காந்தா எப்படி இறங்குமோ... அப்படி.

ரெண்டு கதவு வண்டில பின் சீட்டு ரொம்ப குறுகல். பின்னாடி யாராவது உக்காந்தா அவங்க முட்டி நம்ம சீட்டுல இடிக்கும்.

என் முதுகுல இடிச்சுச்சு.

ரெண்டு முட்டி.

நான் எப்படி வெளிய வந்தேன்னு எனக்கே தெரியாது. முழங்கை முழுக்க சிராய்ப்பு. திரும்பிப் பாத்தேன். பின் சீட்டு காலி. கார் மறுபடியும் மெதுவா முன்னாடி இறங்குச்சு. பக்கத்து சீட்டுப் பக்கம்.

டார்ச் அண்ணன் டூல்ஸை கூட எடுக்காம வீட்டுக்கு போயிட்டாரு.

ராத்திரி அண்ணன், காரை வித்த அந்த ஆளுக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல. நான் பக்கத்துல.

"சார், கார் இடது பக்கம் இறங்கி நிக்குதுங்க."

"ஸ்பிரிங்கை மாத்திட்டீங்களா தம்பி?"

"ஆமாங்க. ரெண்டும் ஒரே அளவா போட்டுட்டோம்."

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

"ரெண்டு விரல் இருக்கும்."

அவரு பெருமூச்சு விட்டாரு.

"அப்ப... இன்னும் கொஞ்சம் வளந்திருக்கா."

அண்ணன் என்னை பாத்தான். நான் அவனை பாத்தேன்.

அவரு அழல. சாதாரணமா, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சொன்னாரு. அவருக்கு ஒரே பொண்ணு. பத்து வயசுல ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போற வழியில, அந்த சீட்லயே போயிடுச்சு. அடுத்த மாசம் கார் ஒரு பக்கமா சரிஞ்சுச்சு. அவரு மனைவி அதை பாத்துட்டு விடிய விடிய போய் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. சாப்பாடு தண்ணி இல்லாம. அதை நிறுத்தணும்னுதான் அவரு தடி ஸ்பிரிங் போட்டு காரை நேராக்கினாரு.

"ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாங்கும் தம்பி. மறுபடியும் இறங்கும். வளர்ற பிள்ளை இல்லையா... அதைவிட தடியா ஒண்ணு வாங்கி மாட்டுவேன்."

டிக்கியில கிடந்த மூணு ஸ்பிரிங். நாங்க கழட்டினது ஒண்ணு. மொத்தம் நாலு.

"இதெல்லாம் தெரிஞ்சும் எங்க தலையில ஏன் சார் கட்டினீங்க?" அண்ணன் கத்திட்டான்.

"அவளுக்கு இப்ப பதினாறு தம்பி. வயசுப் பொண்ணு. எங்க ரெண்டு பேர் மூஞ்சியையே எத்தனை நாளைக்கு பாத்துக்கிட்டு இருப்பா? பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வேணாமா? உங்க தங்கச்சியை பாத்ததும்... அவளுக்கு பிடிக்கும்னு தோணுச்சு."

போனை வச்சிட்டாரு. திரும்ப அடிச்சா எடுக்கல.

அண்ணனுக்கு விடிஞ்சா ரேஸ். ரெண்டு வருஷக் கனவு. ஆனா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "நாளைக்கு போகல கொசு. காலைல வண்டி வரவச்சு கட்டி இழுத்து அந்தாளு வீட்டு வாசல்லயே போட்டுட்டு வர்றேன். நீ அந்த பக்கமே போகாத. போய் படு."

படுத்தேன்.

தூக்கம் வரல. அதான் டைப் பண்றேன்.

2:31.

இப்ப கீழ ஒரு சத்தம் கேட்டுச்சு. புதன்கிழமை கேட்ட 'தொம்' இல்ல.

ஸ்ஸ்ஸ்...

பாரம் இறங்கினா ஷாக் எந்திரிக்கும்ல... அந்த சத்தம்.

ஒரே ஒரு தடவை.

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். "சத்தம் கேட்டுச்சா? பயமா இருக்கு." ஷெட் கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு. அவன்தான். பாவம், எனக்காக தனியா போய் பாக்குறான்.

2:38. பதில் வந்துச்சு.

"பாத்துட்டேன். கார் இப்ப நேரா நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே உயரம். பிரச்சனை தீந்துச்சு. நிம்மதியா தூங்கு கொசு."

நேரா நிக்குதாம்.

அப்ப சீட்ல...

யாரும் இல்ல.

நான் சுவர் பக்கம் திரும்பி படுத்திருக்கேன். திரும்பல. திரும்பவும் மாட்டேன்.

என் பின்னாடி மெத்தை இறங்குச்சு.

இதுல ஷாக் கிடையாது. டார்ச் அண்ணன் சொன்னாருல்ல... ஆடிக்கிட்டே இருக்கும்னு.

ஆடுது.

இன்னும் ஆடுது...

முதுகுல ரெண்டு முட்டி.