பராமரிப்பாளர் சொல் ஏற்கத்தக்கதல்ல

தெருவுக்கே அவள் கண்ணாடிக்கடை அக்கா. "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" என்று கேட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பிக் கண்ணாடி மாற்றுவது அவள் பிழைப்பு. கல்யாணம் கூடிவரவில்லை. யாராவது துருவினால், "எனக்கு யாரோட பவரும் ஒத்துவரல" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். மூளை ஆராய்ச்சிப் பேராசிரியரான தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னும் நீண்டுவிடும்.

காரணம் அவனுடைய கட்டுரை. அல்சைமர் நோயாளிகளின் வீட்டார் நிலைமையை ஊதிப் பெரிதாக்குகிறார்கள், அவர்கள் வாய்ச்சொல்லைவிட நினைவாற்றல் சோதனை மதிப்பெண்ணே நம்பத்தக்கது என்று நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பார்த்து எழுதியிருந்தான். நாடு நாடாக ஆராய்ச்சியாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மருத்துவமனைகள் விதிகளை மாற்றின. அந்தக் குடும்பங்களில் அவன் சொந்தக் குடும்பமும் ஒன்று. அதை அவன் மறைக்கவில்லை. அடிக்குறிப்பில் போட்டிருந்தான்.

அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். நோய் வந்த பிறகும், சோதனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் மடமடவென்று கொட்டுவார். மற்ற நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விடுவார். பகல் காப்பகத்தில் இடம் கேட்கப் போனபோது மருத்துவர் மதிப்பெண்ணைப் பார்த்தார், அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரங்க சொல்றத நாங்க எடுத்துக்கிறதில்லம்மா. அதுக்குன்னு பெரிய ஆராய்ச்சியே இருக்கு."

"தெரியும் டாக்டர். அத எழுதின மகராசன நான்தான் இடுப்புல தூக்கிச் சுமந்தேன்."

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் அடிக்கடி லீவு போடுவதை மாதக் கடைசிவரை பொறுப்பதாகக் கடை முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் காப்பகத்தில் இடம் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

அடுத்த சோதனைக்குத் தம்பி வீட்டுக்கு வந்தான். அம்மா தலையை வாரிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில்கள் டாண் டாண் என்று வந்தன.

"பாத்தியா? என்னைக் கண்டாலே அம்மாவுக்குத் தெம்பு வந்துடுது."

அம்மா எழுந்து கைகட்டி நின்றார். "பசங்களையும் கேளுங்க, இன்ஸ்பெக்டர் சார். ஏழாம் வாய்ப்பாட்டத் தலைகீழா ஒப்பிப்பாங்க."

தம்பியின் பேனா நின்றது.

"நீ வர்ற அன்னிக்கெல்லாம் இங்க ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன்தான்டா" என்றாள் அக்கா.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். மிகைன்னு எழுதிக்கிட்ட."

அவன் தாளைப் புரட்டினான். அவள் விடவில்லை. "இப்ப நீயே உன் காதால கேட்டுட்டல்ல? அத எழுதிக் கொடு. இடம் கொடுத்துடுவாங்க."

"சோதிக்க வந்தவர் யாருன்னு இதுல கேள்வியே இல்லக்கா. மதிப்பெண் முப்பதுக்கு இருபத்தேழு. நான் எழுதினதுக்கு நானே விதிவிலக்கு கேட்டா எவன் மதிப்பான்?"

"பெத்தவளுக்குப் பிள்ளை யாருன்னு தெரியல. அது எந்தக் கணக்குலயும் வராதா?"

"ஒருத்தர வெச்சு முடிவு பண்ண முடியாது. சராசரின்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப அந்தச் சராசரிய ராத்திரிக்கு இங்க அனுப்பி வை. வாசக்கதவுக்குக் குறுக்கே படுத்துக்கட்டும்."

அடுத்த கட்ட ஆய்வுக்கான ஒப்புதல் தாளை நீட்டினான். அக்கா கை நீட்டவில்லை.

"செருப்பப் போட்டுக்கிட்டுக் கிளம்பு."

"அம்மாவப் பாக்கக்கூட வரக் கூடாதா?"

"வா. பையத் தூக்காம வா. ஒரு கேள்வியும் கேக்காம பக்கத்துல உக்காரு. உன்னால முடியுமா?"

"உனக்கு எப்பவும் என் மேல வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். அம்மா பின்னாலேயே வாசல்வரை ஓடி, "பள்ளிக்கூடத்தப் பத்தி நல்லபடியா எழுதுங்க சார்" என்றார்.

மாதக் கடைசியில் அக்கா கடைச் சாவியை ஒப்படைத்தாள். அம்மா இருந்தவரை வீட்டைவிட்டு அசையவில்லை. அம்மா போனபின் அவளும் அதிக காலம் இருக்கவில்லை. தம்பியின் இரண்டாவது கட்டுரை அக்கா உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டது. அதற்கும் மேற்கோள்கள் குவிந்தன. ஆய்விலிருந்து பாதியில் விலகிய குடும்பங்களுக்கு அதில் ஒரு வரி ஒதுக்கியிருந்தான்: 'தொடர்புகொள்ள இயலாதவர்கள்'.

அவன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தெரு.