யானை விலைக்கு ஒரு சாண்ட்விச்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். நாம் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் வந்து நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோரை எத்தனை மடக்கில் குடிக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதைத் தப்பென்று சொல்லவில்லை, நானும் அப்படிப் பல பேருக்குப் பின்னால் நின்றவள்தான். எனக்குத் தெரிந்து சாப்பாட்டின் விலை என்றால் இலையில் விழுவதற்குக் கொடுக்கும் விலை. அந்தக் கணக்கோடுதான் போன வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைந்தேன்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடை அது. எங்கே திறந்தாலும் ஒரே நிறச் சுவர், ஒரே மாதிரிப் பலகை, யானை விலை குதிரை விலை. எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. வந்தால் யார் போவார்கள் என்றும் தெரியவில்லை. நாக்கு ருசிக்காக நான் அங்கே போகவில்லை. என் மகனை ஒரு பெண் அங்கே வரச் சொல்லியிருந்தாள்.

மகனுக்கு முப்பத்து மூன்று வயது. தொழிற்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. மின்சாரப் பெட்டிக்குள் வெள்ளையாக பியூஸ் கட்டை இருக்குமே, அதைச் செய்கிறோம். மண் அரைப்பதிலிருந்து சூளையில் ஏற்றுவது வரை அவன் பார்க்கிறான். சூளையிலிருந்து இறங்கியதைத் தட்டிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. மூன்று வருஷத்தில் ஏழு வீடுகளுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டோம். எல்லா வீட்டிலும் கேசரி கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பத்து நாள் கழித்து 'மாசச் சம்பளக்காரரா பாக்குறோம்' என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழாவது வீட்டிலிருந்து திரும்பியதும் மகன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, துவைக்கக்கூடப் போடாமல் மடித்து பீரோவில் வைத்தான். "இதுக்கு இனிமே வேல இருக்காதும்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

எட்டாவதாக வந்தவள் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் எல்லோரும் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பையனிடம் நேரில் பேச வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பயோடேட்டாவில் பி.ஈ. என்று போட்டிருந்தது. எந்தக் காலேஜ், எந்த வருஷம் முடித்தீர்கள் என்று போனில் கேட்டிருக்கிறாள். "நேர்ல சொல்றேங்க" என்று இவன் சொல்லியிருக்கிறான்.

பி.ஈ. என்று போட்டது நான். இவன் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது இவன் அப்பா பட்டறையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சூளைக்குள் பாதி வெந்த சரக்கு, வாசலில் ஆர்டர் கொடுத்தவர்கள். நான் காலேஜுக்கு போன் போட்டு, "ஒரு வருஷம் மட்டும் வந்து பாத்துக்கடா, அப்புறமா போய் முடிச்சிக்கலாம்" என்றேன். அந்த ஒரு வருஷம் பதின்மூன்று வருஷமாகிவிட்டது.

பாலக்கரைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடிக்கும்போது கடைக்காரர், "படிப்பு என்னாங்க போடட்டும்?" என்று கேட்டார். என் வாயில் பி.ஈ. என்றுதான் வந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று ஊரே சொல்கிறது, நான் ஒன்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜாதகம், போட்டோ, தாள் எல்லாம் என் கைப்பையில்தான் இருக்கும். அந்தப் பெண் கேட்ட அன்றைக்குத்தான் மகன் அதை வாங்கிப் படித்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனசு ஆறியிருப்பேன்.

கண் காட்ட வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி, நானும் அவனோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். நெய்வேலி ஆர்ச் கேட் தாண்டியதும் அவன் சொன்னான்.

"இன்னைக்கு சொல்லிடப் போறம்மா. படிப்ப முடிக்கலன்னு."

"நிச்சயம் முடியட்டுமே. அப்புறமா பதமா சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா அது ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

"இப்ப சொன்னா எட்டாவது வூடும் போயிடும்டா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடை வாசலில், "வெளிய வெயிலா இருக்குது. பத்து நிமிஷம் கழிச்சு உள்ள வா. வேற டேபிள்ல உக்காந்துக்க. எங்கள திரும்பிப் பாக்காத" என்றான்.

பத்து நிமிஷத்தை ஐந்தாக்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் காய்களை நறுக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். கையுறை போட்ட ஒரு பெண் எந்த பிரெட் வேண்டும் என்று கேட்டாள். சின்னதா, பெரிசா என்றாள். சூடு பண்ணட்டுமா என்றாள். வெங்காயம் போடட்டுமா, வெள்ளரி போடட்டுமா, தக்காளி போடட்டுமா என்று ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து வைத்துக் கேட்டாள். சாஸ் மட்டும் ஏழெட்டு இருந்தது.

"ஒனக்கு எது தோணுதோ போடும்மா" என்றேன்.

"நாங்களா போடக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள், சலிக்காமல்.

முப்பத்தைந்து வருஷமாகச் சமைத்துப் போடுகிறேன். எனக்கு ஒரு வாய் சோறு போடுவதற்கு முன்னால் இத்தனை கேள்வி கேட்டவர்கள் யாரும் இல்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் போடச் சொன்னேன். பில்லைப் பார்த்ததும் பிடித்தது போய்விட்டது. தண்ணீர் பாட்டிலோடு முந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. அந்தக் காசுக்கு எங்கள் பட்டறையில் வேலை செய்கிற ஆறு பேருக்கும் சால்னாவோடு பரோட்டா வாங்கிக் கொடுத்துவிடலாம்.

மகனும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் பின்னால், பொட்டலத்தைப் பிரிக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பார்க்காதே என்றுதானே சொன்னான், கேட்காதே என்று சொல்லவில்லையே. எதிரே ஒரு கல்லூரிப் பெண் காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மேஜை துடைக்க வந்தவர் அவள் நோட்டைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ஓகோ, இவர்கள் ரொட்டியை விற்கவில்லை, இடத்தை விற்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெண் நன்றாகப் பேசினாள். விருத்தாசலத்தில் லேப்பில் வேலை கிடைக்குமா, பட்டறை நஷ்டத்தில் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டாள். என் மகனும் பேசினான். ஏழு வீட்டில் 'ஆமாங்க', 'இல்லங்க' தவிர வாய் திறக்காதவன், சூளையில் எந்தச் சூட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படியே எழுந்து வந்துவிடு, மற்றதைச் சொல்லாதே என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன்.

சொல்லிவிட்டான்.

"நான் பி.ஈ. முடிக்கலங்க. மூணாவது வருஷத்தோட நின்னுட்டேன்."

அவள் கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"அப்ப அந்த பயோடேட்டாவ எழுதுனது யாருங்க?"

"நான்தாங்க எழுதுனேன்" என்றான் என் மகன்.

அவள் குரல் மாறிவிட்டது.

"நீங்களே எழுதிட்டு நீங்களே வந்து இல்லன்றீங்களா? அப்ப அதுல இன்னும் என்னென்ன அப்படி இருக்குது?"

அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஒரு பொய்க்குப் பக்கபலமாக இன்னும் நாலு பொய் வேண்டும் என்பது அவனுக்கு எங்கே தெரியும்? என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கிடைக்க இருந்ததையும் கைநழுவ விட்டுக்கொண்டிருந்தான். சாண்ட்விச் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து அவர்கள் மேஜைக்குப் போனேன்.

"நான்தாம்மா எழுதுனேன். நீ போன்ல கேட்டப்புறம்தான் அவன் அந்தத் தாளயே பாத்தான்."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இவரோட அம்மாங்களா? அப்போலேர்ந்து பாக்குறேன், வாங்கனத பிரிக்காமயே ஒருத்தவங்க உக்காந்திருக்காங்களேன்னு." பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தாள். "உக்காருங்க. ஏன் அப்படி போட்டீங்க?"

ஏழு வீட்டுப் பெரியவர்களும் என்னிடம் நகை கேட்டார்கள், நிலம் கேட்டார்கள். ஏன் என்று யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. நான் உட்கார்ந்தேன். மகனுக்கு முன்னால் அதுவரை சொல்லாததைச் சொன்னேன்.

"அவன் படிப்ப நிறுத்துனதே நான்தாம்மா. ஒரு வருஷம்னு கூப்புட்டேன். அடுத்த வருஷம் திருப்பி அனுப்பியிருக்கலாம். பட்டறையும் அப்ப நெலைக்கு வந்திடுச்சு. எனக்கு அந்த வூட்ல தனியா இருக்க பயமா இருந்துச்சு, அனுப்பல. நான் புடுங்கிக்கிட்டத அந்தத் தாள்லயாவது திருப்பிக் குடுக்கலாம்னு போட்டுட்டேன்."

"நீ கூப்பிடலன்னாலும் நான் வந்திருப்பம்மா" என்றான் மகன்.

உண்மை எனக்குத் தெரியும். அன்றைக்கு போனில் அவன் மூன்று தடவை, செமஸ்டர் முடித்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினான். எனக்காக ஒரே நாளில் அவன் சொன்ன இரண்டாவது பொய் இது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கோப்பையில் இருந்த ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவனிடம் கேட்டாள்.

"இப்ப போய் முடிக்கணும்னு ஆச இருக்குதுங்களா?"

"இல்லங்க. மொதல்ல இருந்துச்சு. இப்ப சூளதான் புடிக்குது."

"அப்ப அதயே போட்டிருக்கலாம்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

மணி இரண்டாகியிருந்தது. அவர்கள் கோப்பைகள் காலியாக இருந்தன. என் பொட்டலம் அப்படியே இருந்தது.

"நீங்க ஏன் சாப்பிடல? கை நனைக்கக் கூடாதுன்னு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பேச்சு முடியாமல் நாங்கள் சாப்பிட மாட்டோம். காபி குடிக்கலாம், கேசரியை ஒரு வாய் விண்டு போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சம்மதம் என்று அர்த்தம். இது யார் வீடும் இல்லை, காசு கொடுத்து நானே வாங்கியது, சோறும் இல்லை. ஆனாலும் மத்தியான வேளையில் வயிற்றை நிறைப்பது எதுவானாலும் அது சாப்பாடுதானே. எனக்குப் பிரிக்கக் கை வரவில்லை.

"எங்க வூட்லயும் அப்படித்தான்" என்றாள் அவள். "எங்க அப்பா தண்ணிகூட குடிக்க மாட்டாரு."

அவள் என் மகனைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்த்தாள். பிறகு என் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, காகிதத்தைப் பிரித்து, ஓரத்தை மடித்துவிட்டு என் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க."

மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சிதான் சொல்றியாம்மா?" என்றேன்.

"தெரிஞ்சிதாங்க சொல்றேன்."

ரொட்டி ஆறி, ரப்பர் மாதிரி இழுத்தது. சாஸ் ஒன்று புளித்தது, ஒன்று இனித்தது. உள்ளே ஏதோ கறுப்பு வளையங்கள் உப்பாகக் கரித்தன. கொடுத்த காசுக்கு ருசி இல்லை என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். அன்றைக்கு ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.