ஏழாம் வாய்ப்பாடு

மருமகள் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, பேத்திக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறாள். பேத்தி ராகம் போட்டு வாய்ப்பாடு சொன்னாலே எனக்கு நான் வளர்ந்த புலாவ் செபாங் ரப்பர் தோட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அம்மா ரப்பர் மரம் சீவப் போனதும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி ஜன்னலோரம் நிற்பேன். வாத்தியார் வெற்றிலை துப்புவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான், ஒதுங்கிக்கொண்டே கேட்பேன். நானும் படிக்கப் போகிறேன் என்றால், ரப்பர் பால் வாடையோடு திரும்பும் அம்மா, "அப்பா சம்பளம் மட்டும் பத்தலடி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது மகன் இரண்டு ஷிப்ட் பார்க்கிறான். இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிட்டான்.

"அத்தை, நான் திரும்ப வேலைக்குப் போயிடட்டா?" என்றாள் மருமகள்.

போம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பேத்தியோடு உட்கார்ந்து நானும் இப்போதுதான் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்திருக்கிறேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்லா" என்றேன். பிறகு மகனின் கையை மெதுவாகத் தூக்கி, தட்டை எடுத்தேன்.