கீரையும் வெல்டிங் வெளிச்சமும்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் வெல்டர். இடது கண்ணில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் வந்தது. கழுவினேன். போகவில்லை. கண் போனால் வெல்டிங் ராடு பிடிக்க முடியாது. வேறு வேலை எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரி போனில் ஒரு வீடியோ பார்த்தாள். கீரையிலும் நெல்லிக்காயிலும் ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒன்று இருக்கிறதாம். வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமல் அது காப்பாற்றுமாம். அன்றிலிருந்து பொன்னாங்கண்ணி, முருங்கை, மறுபடி பொன்னாங்கண்ணி. காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய்ச் சாறு. குடித்தேன்.

அவள் தம்பியும் என்னோடு பட்டறையில்தான் இருக்கிறான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எட்டிப் பார்ப்பான்.

“ஏனுங்க மாமா, இன்னைக்கு எந்தக் காட்டுல மேய்ச்சலுங்க?”

“உங்கக்காளைக் கேளு.”

“கேட்டா எனக்கும் ஒரு கட்டு வெச்சுப்போடுமுங்க.”

மங்கல் குறையவில்லை. அவளே சேலத்துக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். இனி வேலை செய்யலாமா கூடாதா, எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

“புரை லேசா ஆரம்பிச்சிருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம்.”

“கீரை குடுக்கறனுங்க, நெல்லிக்காயும்,” என்றாள் வீட்டுக்காரி. “ஆன்டிஆக்சிடன்ட்டுங்க.”

“குடுங்க, உடம்புக்கு நல்லதுதான். ஆனா வெளிச்சத்தை அது தடுக்காது. கறுப்புக் கண்ணாடிதான் தடுக்கணும்.” என்னிடம் திரும்பினார். “வெல்டிங் வெக்கும்போது பிடிக்கறீங்களா?”

“நீளமா வெல்டிங் ஓட்டறப்பப் புடிப்பனுங்க. டாக் வெக்கறப்ப கண்ணை மூடிக்குவனுங்க.”

தகடு நகராமல் இருக்க அங்கங்கே வைக்கும் சின்னப் பொட்டுக்குத்தான் டாக் என்று பேர். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் வைப்போம். ஒரு கையில் தகடு, ஒரு கையில் ராடு. கைப்பிடி வைத்த கண்ணாடியைப் பிடிக்கக் கை ஏது?

“நீங்க மூடறதுக்கு முன்னாடியே வெளிச்சம் கண்ணுக்குள்ள போயிடும். பக்கத்துல ஒருத்தர் வெல்டிங் வெச்சா என்ன பண்ணுவீங்க?”

“மூஞ்சியத் திருப்பிக்குவனுங்க.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

“வேலை செய்யலாங்களா?” என்றேன்.

“தலையில மாட்டற ஹெல்மெட் போட்டா செய்யலாம். சின்னப் பொட்டுக்கும் போடணும்.”

திரும்பி வரும்போது பஸ் சங்ககிரி தாண்டியதும் அவள் சொன்னாள்.

“அத்தனை கீரையும் தின்னுபோட்டு, கண்ணை மூடிட்டு நின்னிருக்கறீங்க.”

“ஆமா,” என்றேன்.

ஹெல்மெட் வாங்கினோம். வெளிச்சம் பட்டால் கண்ணாடி தானாகக் கறுக்கும் ரகம். மாட்டிக்கொண்டு பட்டறையில் நின்றேன். மச்சினன் சுற்றி வந்து பார்த்தான்.

“ஆளே அடையாளம் தெரியலீங்க மாமா. இப்படியே போனா அக்கா ஊட்டுக்குள்ள உடுமுங்களா?”

தகட்டில் ராடை வைத்தேன். கண்ணாடி கறுத்தது. இரும்பு உருகி, இரண்டு தகட்டையும் கவ்விப் பிடித்து, சிவந்து அடங்கியது. இத்தனை வருசத்தில் டாக் விழுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

“எப்படிங்க மாமா இருக்குது?”

“கோணையா இருக்குது,” என்றேன். அடுத்ததை நேராக வைத்தேன்.