உப்பைப் பற்றி நான் படிப்பித்தது

இரசாயனம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கடலுக்கு அந்தப்பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டதால், எங்கள் ஊரான தோட்டவெளியில் நான் இரசாயன ரீச்சர் ஆனேன். உயர்தரப் பரீட்சையில் அந்தப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள் நான். அதை யாரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. யுத்தம் நடக்கும் ஊரில் பேராசிரியராவது அவ்வளவு சுலபம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. அங்கே நடந்த ஒரே பரிசோதனை கஞ்சி காய்ச்சுவதுதான். அமிலம் என்ற சொல்லைத் தவிர வேறெந்த அமிலமும் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்ததில்லை.

பின்னேரங்களில் வீட்டுப்பாடத்தோடு என்னிடம் வருபவர்களில் ஒருத்தி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அப்பா உப்பளத்தில் நாள்கூலி. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தை ஒருமுறை கோட்டைவிட்டிருந்தாள்.

"இந்தத் தடவ பாஸானாத்தான் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போடலாம் அக்கா. இல்லாட்டி அப்பா என்னையும் உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்பாள்.

ஒருநாள், கடல்நீரிலிருந்து உப்பைப் பெறும் முறையை எழுதச் சொல்லி வீட்டுப்பாடம். தண்ணீர் முழுவதும் வற்றுமுன்பே உப்பை வாரிவிட்டு, மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனையால் வெட்டி, 'முழுவதும் ஆவியாக வேண்டும்' என்று எழுதினேன்.

"கடைசித் தண்ணிய வத்த விட்டா உப்பு கசந்துரும்னு அப்பா சொல்லுவாரே அக்கா?"

"அது கூலியாக்களின்ர அவசரம். புத்தகத்தில அப்பிடி இல்லை."

புத்தகத்தில் ஆவியாக்கல் பற்றி இரண்டே வரிகள்தான். 'முழுவதும்' என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. உப்பு அரித்து வெடித்த காலோடு உப்பளத்தில் நிற்கும் ஒருவரிடம் இரசாயனம் படிக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, நம்ம உப்புக் கேள்வி வந்துச்சு! தண்ணி முழுக்க ஆவியாகுமுன்ன உப்ப எடுக்கிறது ஏன்னு கேட்டிருந்தாங்க."

"என்ன எழுதினனீ?"

"நீங்க சொன்னதத்தான். தொழிலாளர் அவசரப்படுவதால்."

அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அவள் போனபிறகு என் பழைய கொப்பியைத் தேடியெடுத்துப் புரட்டினேன். கடைசியாகப் படிவன மகனீசியம் உப்புகள், அவைதான் கசப்பு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பெறுபேறு வந்தது. விஞ்ஞானம் மறுபடியும் போய்விட்டது. ஒரு கேள்வியால் யாரும் தோற்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரசாயனத்தைவிட அதில் எனக்குத் தேர்ச்சி அதிகம்.

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க, இவளுக்குத்தான் மண்டையில ஏறல. இன்னொரு தடவ பாத்துவிடுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்லிக் குடுக்கிறதைக் கவனமாக் கேட்டால் பாஸ் பண்ணலாம்" என்றேன்.

அவர் மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார்.